சொந்த நேரம்

கரண்ட் மட்டும் போகாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மாவு மில் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மில்காரர் நாச்சிமுத்து அண்ணன் ஏதோ சொல்கிறார், நான் தலையை ஆட்டுகிறேன், நான் எதற்குத் தலையை ஆட்டினேன் என்று அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அப்படி ஒரு சத்தம். என் கோதுமை பாதி அரைந்திருந்தது. எனக்கு அடுத்து யாரோ வைத்துவிட்டுப் போன வரமிளகாய்ப் பை மெஷினில் சாய்ந்திருந்தது. பட்டென்று எல்லாம் நின்றது, பெல்ட் சும்மா கொஞ்சம் சுற்றி ஓய்ந்தது, "போயிருச்சுங்க அக்கா, வந்துரும், இருங்க" என்று அவர் தலைத்துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார், அந்த அமைதியில்தான் கேட்டது. மூவேழு இருபத்தொண்ணு. நாலேழு இருபத்தெட்டு. மில்லை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருப்பது எனக்குத் தெரியும், எங்கள் அபார்ட்மெண்டின் பின்கேட்டுக்கு எதிரில்தான் அதன் வாசல், ஆனால் நான் அதைப் பார்ப்பதில்லை, பள்ளிக்கூடங்களைப் பார்க்காமல் நடக்க எனக்குப் பழகிவிட்டது. முதலில் வந்தது எரிச்சல்தான், இன்னுமா இப்படிக் கத்தவிட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள் என்று. அதற்குப் பின்னாலேயே ஒரு பெருமை, வீட்டிலேயே படிக்கிற என் பெண் தும்பைக்கு இந்தக் கொடுமை கிடையாது, அவள் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி ஏழேழாகக் கூட்டிவைத்து, தானாகவே பெருக்கல் என்றால் என்னவென்று கண்டுபிடித்தவள், அந்த வீடியோவை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன். அப்புறம்தான் ஒரு குரல் தனியாக முன்னால் சொல்கிறது, மற்றவர்கள் அதன்பின்னால் சொல்கிறார்கள் என்பது உறைத்தது. ஐயேழு முப்பத்தஞ்சு. அந்தத் தனிக்குரல் வரியின் கடைசியில் மூச்சு பற்றாமல் ஒரு சின்ன விக்கல் போட்டது. அந்த விக்கலை நான் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கை தானாக இடுப்பில் சொருகியிருந்த சாவியைத் தேடியது, எதற்கென்று தெரியவில்லை.

அவள் மொட்டை மாடியில் இருக்கிறாள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எறும்பு பார்க்கப் போயிருக்கிறாள். காலையில் நான் கோதுமைப் பையைத் தூக்கிக்கொண்டு, நாம் இரண்டு பேருமாக மில்லுக்குப் போகலாமா, கோதுமை எப்படிச் சப்பாத்தி ஆகிறது என்று முதலிலிருந்து பார்க்கலாமே, இந்த வாரம் முழுக்க அதையே பாடமாக வைத்துக்கொள்ளலாமே என்று ஆசையாகக் கேட்டபோது, "நீ போயிட்டு வாம்மா, இது என்னோட சொந்த நேரம்" என்றாள். நான் தனியாகக் கிளம்பினேன். ஏனென்றால் அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். காலைப் பலகாரம் முடிந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவளுடைய சொந்த நேரம், காம்பவுண்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன செய்தாய் என்று பெற்றவர்கள் கேட்கக் கூடாது, கேட்டால் குழந்தை நமக்குப் பிடித்த பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடும். இதைத்தான் வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற எங்கள் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன், கைதட்டினார்கள். அவள் மொட்டை மாடியில்தான் இருக்கிறாள். ஆறேழு நாப்பத்திரண்டு. செருப்பை மாட்டினேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் மில்லை விட்டு வெளியே வந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். நடக்க நடக்க ஒவ்வொன்றாக வந்து மோதுகிறது. போன வாரம் குளிக்கப் போன நான், உள்ளேயிருந்து "தும்பை, துண்டு எடு" என்று கூப்பிட்டேன். "உள்ளேன் அம்மா" என்றாள். நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சிரித்தேன், என்ன கற்பனை என் பெண்ணுக்கு என்று. அதற்கு முன்னால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள், ஏதோ கார்ட்டூனில் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன், வீட்டில் கார்ட்டூனே கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கூந்தல் கொஞ்ச நாளாக நெளிநெளியாக இருக்கிறதே என்று பிரகாஷிடம் சொன்னதற்கு என் கணவர் என்ற அந்த மனிதர் செல்போனை விட்டுத் தலையைத் தூக்காமல் "கற்றாழை போடறியே, அதுவா இருக்கும்" என்றார், நானும் ஆமாம் என்று இன்னும் கொஞ்சம் கற்றாழை வாங்கினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம்.

கேட் திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு வாதாமரம், அதன்பின்னால் கம்பி போட்ட ஜன்னல். மரத்துக்குப் பின்னால் நின்றால் என்னை யாரும் பார்க்க முடியாது என்று கணக்குப் போட்டு நின்ற அந்தப் பெண்பிள்ளை நான்தானா, எதற்கு ஒளிகிறேன், என் பெண்ணைப் பார்க்க நான் எதற்கு ஒளிய வேண்டும். கரும்பலகைக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என் தும்பைதான். இரண்டு பின்னல். இரண்டையும் மடித்து, சிவப்பு ரிப்பனில் பூ மாதிரி முடிச்சு. என்னிடம் ஒரு நாள்கூடப் பின்னிவிடு என்று கேட்டதில்லையே. தலையை இழுத்துப் பிடிப்பது குழந்தைக்கு வலி, அவிழ்த்தே இருக்கட்டும் என்று நான்தான் விட்டேன், அவளைக் கேட்டா விட்டேன். கையில் குச்சி, பலகையில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கத்துகிறாள், மற்ற பிள்ளைகள் கத்துகிறார்கள், ஏழேழு நாப்பத்தொம்பது, அவள் தோள் இரண்டும் உற்சாகத்தில் மேலே ஏறி இறங்குகிறது. பயந்த குழந்தையின் தோள் இல்லை. பயந்த தோள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்.கே.ஜி.யில் சேர்த்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, நகரத்திலேயே பெரிய பெயர் எடுத்த பள்ளி, நான் கூப்பிடப் போனபோது காம்பவுண்டுச் சுவரில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது, நீலத்தில் வெள்ளைக் கட்டம், ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி. யார் பிள்ளையோ பாவம் என்று நினைத்துக்கொண்டே அதைத் தாண்டி உள்ளே போனேன். உள்ளே என் பிள்ளை யாருடைய அரைக்கால் சட்டையையோ போட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கி, மூலையில். போகணும் என்று கேட்டாளாம், மணி அடிக்கட்டும் என்றார்களாம். அன்றைக்கு அந்தப் பாவாடையைச் சுவரிலிருந்து இழுத்து எடுத்தவள்தான், திரும்ப எந்தப் பள்ளிக்கூடச் சுவரையும் நான் தொடவில்லை, ஆபீஸ் வேலையை விட்டேன், மாமியார் "ஸ்கூலுக்கு அனுப்பாம வூட்லயே வெச்சு என்ன பண்றே, ஊறுகாய் போடறயா?" என்று கேட்டதற்குப் பல்லைக் கடித்தேன், சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன், எல்லாம் அந்தப் பாவாடைக்காக. இப்போதும் கண்ணை மூடினால் அது காற்றில் ஆடுகிறது. இவள் என்னடாவென்றால் இங்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னுங்க, யாரைப் பாக்கோணும்?" என்று பக்கத்தில் குரல் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சர். வகுப்பில் காற்று இல்லை என்று வராந்தாவுக்கு வந்திருப்பார் போல, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். யாரையும் இல்லைங்க, மில்லுக்கு வந்தேன், கரண்ட் போயிருச்சு என்றேன். என் வாய் எப்படி அவ்வளவு சாதாரணமாகப் பேசியது. அவர் நான் பார்த்த திசையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "நம்ம பிரியதர்ஷினியப் பாக்கறீங்களா? தெரிஞ்ச புள்ளைங்களா?" எனக்குப் புரியவில்லை. பலகைக்கு முன்னால் நிற்பது ஒரே ஒரு பெண்தான். "இஸ்திரி போடறவரு பொண்ணு சங்கீதா இருக்கறாளுங்க, அவதான் ஒரு நாளு கூட்டியாந்து பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டா. யாரு கண்ணு நீயின்னேன். எந்திரிச்சு நின்னு, பி.பிரியதர்ஷினி டீச்சர்ன்னுச்சு. எந்திரிச்சுப் போன்னு சொல்ல எனக்கு வாயே வரலீங்க." பி.பிரியதர்ஷினி. அப்பா பெயரின் முதலெழுத்தோடு. தும்பை, வேலியோரம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூக்கிற பூ, மருந்துக்கும் ஆகும், அந்தப் பெயரை வைக்க நான் எத்தனை பேரோடு சண்டை போட்டேன், அவளுக்கு வேண்டியது வருகைப் பதிவேட்டில் நீட்டி வாசிக்கிற மாதிரி ஒரு பெயர். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. டீச்சர் நிறுத்தவில்லை, பாவம், அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல. "தீவாளி முடிஞ்சதுல இருந்து வருதுங்க. தலைகூட சங்கீதாதான் பின்னி உடறா, போறப்ப அவுத்துக்குது. பேரைச் சேத்துக்கலாம், அப்பா அம்மாளைக் கூட்டிட்டு வா, ஆதார் கார்டு இருந்தாப் போதும்னு நானும் சொல்லாத நாளில்லீங்க. அப்பா வேலைக்குப் போயிருவாராம். அம்மாளுக்கு ஒடம்பு முடியாதாம்." யாருக்கு என்றேன். "அவங்கம்மாளுக்குத்தானுங்க. படுத்தே கெடப்பாங்களாட்ட இருக்குது. சோத்து மணிக்கு முந்தியே ஓடிப் போயிரும், அம்மாளுக்குப் பக்கத்துல இருக்கோணும்னு. நான் பள்ளிக்கூடத்துல சேந்துட்டா எங்கம்மா அழுதே செத்துப் போயிருவாங்க டீச்சர்ங்குதுங்க. இத்தனூண்டு புள்ள மேல அத்தனை பாரத்தை வெக்கலாமுங்களா, நீங்களே சொல்லுங்க."

நான் வாதாமரத்தைப் பிடித்துக்கொண்டேன். பட்டை சொரசொரவென்று உள்ளங்கையில் குத்தியது, அது ஒன்றுதான் நிஜம் மாதிரி இருந்தது. பொய் சொல்கிறாள் என்று கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நான் படுத்த படுக்கையா, காலையில் எழுந்து தோசை ஊற்றினேன், கோதுமையைத் தூக்கிக்கொண்டு வந்தேன், மிதிவண்டி ஓட்டுகிறேன், அவளோடு சேர்ந்து மண்ணில் புரள்கிறேன், நானா நோயாளி. அழுதே செத்துப் போயிருவாங்க. எங்கே பார்த்தாள் நான் அழுவதை. நான் அழுவதே இல்லை. பாவாடை நாளில்கூட அழவில்லை, ஆபீஸில் கடைசி நாள் கேக் வெட்டினார்கள், சிரித்துக்கொண்டு நின்றேன். நான் அழுவது வருஷத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் சந்தோஷத்தில், ஜூன் மாதத்தில். ஜூன். ஐயோ, ஜூன். பள்ளிகள் திறக்கிற அன்றைக்குக் காலையில் அவளைக் குளிக்கவைத்து, கூடத்தில் உட்காரவைத்து, பிரகாஷும் நானும் எதிரில் உட்கார்ந்து கேட்போம், இது எங்கள் வீட்டு வழக்கம், இதையும் அந்த மைக்கில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இந்த வருஷமும் வீட்டிலேயே படிக்கலாமா, பள்ளிக்கூடத்துக்குப் போகணுமா, உன் முடிவுதான் கண்ணு, எதுவானாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம், "வீட்லயேம்மா" என்பாள். எனக்குப் பொலபொலவென்று வந்துவிடும், அவளைக் கட்டிக்கொள்வேன், அன்றைக்குப் பாயசம். என் முகத்தைப் பார்ப்பாள். பதிலைச் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைத்தான் பார்ப்பாள், கேட்டவர்கள் இரண்டு பேர், அவள் ஒரு முறைகூட அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. போன ஜூனில் அவள் பதில் சொல்லத் தாமதித்தாள். அதற்குள்ளேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பதில் வருவதற்கு முன்னாலேயே. உடனே சொல்லிவிட்டாள். நான் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்றேன், பாயசம் வைத்தேன், அவள் இரண்டாவது டம்ளர் கேட்டாள், நான் இவளுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது, நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் எனக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை நமக்குப் பிடித்த பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடும். அதற்கும் கைதட்டினார்கள். கூசுகிறது, உடம்பெல்லாம் கூசுகிறது. "நீங்க அந்த அபார்ட்மெண்ட்டுங்களா? அவங்கம்மாளத் தெரியுமுங்களா?" என்று டீச்சர் கேட்டார். தெரியும் என்றேன். "இப்ப எப்பிடி இருக்கறாங்க?" அவர் சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள நின்றார். யாரும் என்னை இப்படிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. எந்திரிச்சு நடமாடறாங்க என்றேன். "அப்பிடிங்களா, சாமி புண்ணியம்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

போய்விடலாம். மில்லுக்குப் போய் மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மத்தியானம் நெளிகூந்தலோடு அவள் வரும்போது எறும்பு என்ன செய்தது என்று கேட்காமல் சோறு போடலாம், சொந்த நேரத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம். அல்லது இப்போதே உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு வார்த்தை பேச வேண்டாம், வாசலில் நின்று கண்கலங்கினால் போதும், அவளே வந்துவிடுவாள், இனிமேல் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, அதுதான் பயமாக இருந்தது. உள்ளே, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து மறுபடி ஏழேழு வரைக்கும் வந்திருந்த வாய்ப்பாடு நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சுண்டுவிரல் மேலே இருந்தது. மணி அடிக்கட்டும் என்று சொல்லப் போகிறார்கள் என்று என் உடம்பு விறைத்தது. டீச்சர் ஏதோ எழுதிக்கொண்டே போ என்று கையை ஆட்டினார், அவ்வளவுதான், ஓடி வந்துவிட்டாள். வராந்தாப் படியில் என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும், நான் அதற்குத் தயாராக இருந்தேன். அவள் முகத்தில் அது இல்லை. கிட்டே வந்து, அண்ணாந்து, என் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், ஜூன் மாதத்துப் பார்வை, அதே பார்வை. "அழாதம்மா" என்றாள். நான் அழவே இல்லை, அதற்குள் சொல்லிவிட்டாள். "சும்மாதான்மா வந்தேன். வாய்ப்பாடு மட்டும்தான். இனிமே வரல." ரிப்பனை உருவ அவள் கை காதோரம் போனது. அந்தக் கையைப் பிடித்தேன். உள்ளுக்குள் எல்லாம் ஏறி வந்து கண்ணுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு விழுந்தால் போச்சு, எல்லாம் முடிந்தது, என் வாழ்நாளில் எதையும் அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. "பாத்ரூம் போகத்தானே வந்தே? போயிட்டு கிளாசுக்குப் போ. எட்டேழு இன்னும் சொல்லல நீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது, இருமிச் சரிசெய்தேன். அவள் நகரவில்லை. "உனக்கு ஒண்ணும் இல்லையே?" ஒண்ணும் இல்லை. "நெசமா?" நெசமா, மாவு அரைக்கணும், இன்னிக்கு நீ இங்கேயே சோறு சாப்பிட்டுட்டு வா, ரிப்பன் அவுக்க வேண்டாம் என்றேன். இன்னும் ஒரு முறை என் கண்ணைச் சரிபார்த்துவிட்டு, பின்பக்கம் ஓடினாள். திரும்பி வரும்போது பாதி வழியில் நின்று பார்த்தாள், நான் சிரித்தேன், அது சிரிப்பு மாதிரித்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். படியேறும்போது உள்ளேயிருந்து டீச்சர் கேட்டது எனக்குக் கேட்டது. "யாரு கண்ணு அது?" அந்தச் சின்ன விக்கலோடு, "எங்கம்மா டீச்சர். நல்லாயிட்டாங்க" என்றாள்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. மில் சத்தம் மறுபடி எல்லாவற்றையும் மூடியது, எட்டேழு எனக்குக் கேட்கவில்லை. சுவரைத் தொடாமலே நடந்து வந்தேன். என் கோதுமை மாவாகிப் பையில் சூடாக இருந்தது, நாச்சிமுத்து அண்ணன் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். பையைத் தூக்கி மடியோடு அணைத்துக்கொண்டேன், சூடு வயிற்றில் இறங்கியது, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்ட மாதிரி. மத்தியானம் வீட்டில் யாருக்குச் சமைப்பது. சாயங்காலம் வரைக்கும் நான் என்ன செய்வேன். ஆதார் கார்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது. மிளகாய்ப் பையை அவிழ்த்து மெஷினில் கவிழ்க்கப் போன நாச்சிமுத்து அண்ணன், நான் இன்னும் நிற்பதைப் பார்த்துவிட்டு, சத்தத்துக்கு மேலே கத்தினார். "அக்கா, மொளகா போடறனுங்க! நெடி தாங்க மாட்டீங்க, தள்ளிப் போயிருங்க! கண்ணு எரியும்!" இருக்கட்டுங்க, நீங்க போடுங்க என்று சொல்லிவிட்டு நான் அங்கேயே நின்றேன்.